தலைமடைக்கு ஒரு சைக்கிள் பயணம்

எங்கள் ஊர் காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாறு போகும் வழியில். காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் பாய்ந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். அப்பா வாய்க்கால் கரையில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வை எனக்கும் அண்ணனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாரிஸ் புறநகருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆன பிறகும், எங்கே தண்ணீர் ஓடினாலும் இது எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், "பாப்பா, சைக்கிள்ல எங்கேயாவது ஒரு வாரம் போயிட்டு வருவோமா?" என்றார். சைக்கிள் பயணம் என்றால் இங்கே பலரும் லுவார் ஆற்றங்கரையைத்தான் சொல்வார்கள். நான் பூர்கோன் கால்வாயைச் சொன்னேன். டிஜோன் போகும் ரயிலில் உட்கார்ந்தால் மரங்களுக்கு நடுவில் அது தெரியும், மறையும், மறுபடி தெரியும். பல வருஷமாக ஜன்னல் வழியே பார்த்த தண்ணீர். அதன் கரையில் ஒருநாளாவது போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

இந்தக் கால்வாயின் நீளம் 242 கிலோமீட்டர். மிஜென் என்ற ஊரில் யோன் ஆற்றில் தொடங்கி, சோன் ஆற்றில் போய் முடிகிறது. யோன் சேன் ஆற்றில் கலந்து வடக்கே கடலுக்குப் போகும். சோன் ரோன் ஆற்றில் கலந்து தெற்கே மத்தியதரைக் கடலுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் மேடு. சரக்குப் படகு ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்க வேண்டும். அதற்காக 189 நீர்ப்பூட்டுகள் கட்டியிருக்கிறார்கள். படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அதை ஏற்றி இறக்குகிற கல்தொட்டிகள். பிரெஞ்சில் எக்ளூஸ் என்பார்கள், நானும் அண்ணனும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். 1775இல் தொடங்கிய வேலை 1832இல்தான் முடிந்தது. இடையில் புரட்சி வந்தது, நெப்போலியன் வந்து போனான், மன்னர்கள் திரும்பி வந்தார்கள். வெட்டத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வெட்டி முடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு இருந்த கேள்வி வேறு. கடல் மட்டத்திலிருந்து 378 மீட்டர் உயரத்தில், புய்யி என்ற ஊரில், கால்வாயின் உச்சி இருக்கிறது. அங்கிருந்துதான் இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்க வேண்டும். மேட்டின் உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கடைமடைக்காரிக்கு அந்தத் தலைமடையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தது.

2023 ஜூன் 7, புதன்கிழமை. பெர்சி ரயில் நிலையத்தில் சைக்கிள்களை ஏற்றினோம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. மிஜென்னில் இறங்கி, கால்வாய்க் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மிதிக்கத் தொடங்கினோம்.

ஒரு காலத்தில் குதிரைகளும் மனிதர்களும் கயிற்றைத் தோளில் போட்டுப் படகை இழுத்து நடந்த பாதையில்தான் இப்போது சைக்கிள் போகிறது. சில இடத்தில் தார், சில இடத்தில் சரளை, சில இடத்தில் புல் நடுவே இரண்டு தடம். கார் இல்லை. முதல் அரைமணி நேரம் காதுக்கு அந்த அமைதி பழகவே இல்லை. சைக்கிள் சங்கிலி ஓடுகிற சத்தம், டயருக்கு அடியில் சரளை நொறுங்குகிற சத்தம், எப்போதாவது நாம் நெருங்கியதும் நாரை ஒன்று இறக்கையை விரித்து எழும் சத்தம். அந்த நாரை நூறு மீட்டர் தள்ளிப் போய் உட்காரும். நாம் போனதும் மறுபடி எழும். ஒரே நாரை மூன்று கிலோமீட்டர் எங்களோடு வந்தது.

சாந்-ஃப்ளோரான்தாங் என்ற ஊரில் கால்வாய் ஒரு சிறிய ஆற்றைப் பாலமாகக் கடக்கிறது. கீழே ஆறு ஓடுகிறது, மேலே கல்தொட்டி போல ஒரு பாலத்தில் கால்வாய். அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தண்ணிக்கு மேல தண்ணி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் தொன்னேர் போய்ச் சேர்ந்தோம். இந்த ஊரில் ஃபோஸ் தியோன் என்று ஒரு ஊற்று இருக்கிறது. படத்தில் பார்த்திருந்தேன். நேரில் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. பழைய வீடுகளுக்கு நடுவில், குன்றின் அடிவாரத்தில், வட்டமான குளம். நடுவில் தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்து, கீழே போகப் போகக் கருத்து, கண்ணுக்கு எட்டாத பாறைப் பிளவுக்குள் போய்விடுகிறது. சுற்றிலும் ஓடு வேய்ந்த தாழ்வாரம். ஊர்ப் பெண்கள் துணி துவைப்பதற்காக 1758இல் கட்டியது. துவைகல்லின் விளிம்பு சரிவாகத் தேய்ந்திருக்கிறது. நான் மண்டியிட்டு அந்தச் சரிவில் கையை வைத்துப் பார்த்தேன். கல் வழவழவென்று, ஜூன் வெயிலிலும் சில்லென்று இருந்தது. முழங்கால் வைக்கிற இடம், கை ஊன்றுகிற இடம் எல்லாம் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் அம்மா துவைத்த கல்லும் இப்படித்தான் ஒரு பக்கம் குழிந்திருக்கும்.

அந்தப் பிளவுக்குள் இறங்கிப் பார்த்த முக்குளிப்பவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. பாறைக்குள் எங்கெங்கோ இறங்கிய மழைத் தண்ணீர்தான் இங்கே வெளியே வருகிறது. நாங்கள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஜூனில் இங்கே இருட்ட பத்து மணிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க அங்கே வந்தவர்கள் மூன்று பேர். துவைக்கிற சத்தமும் பேச்சும் இருநூறு வருஷம் நிறைந்திருந்த இடம் அது.

அதே ஊரில் 1293இல் ஒரு ராணி கட்டிய மருத்துவமனை இருக்கிறது. சிசிலி அரசனின் விதவை, மார்கரித். ஏழைகளைப் படுக்க வைத்துப் பார்த்த கூடம் அது. தொண்ணூறு மீட்டர் நீளம் இருக்கும், மேலே முழுக்க ஓக் மரக்கூரை, கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரி. தரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் வரைந்த கோடு ஒன்று ஓடுகிறது. சுவரில் ஒரு துவாரம் வழியே விழும் வெயில் அந்தக் கோட்டைத் தொட்டால் நண்பகல்.

மறுநாள் தான்லே, ஆன்ஸி-லெ-ஃப்ரான் என்று இரண்டு அரண்மனைகள். ஆன்ஸியைத் திட்டமிட்டவர் செர்லியோ என்ற இத்தாலியர், பதினாறாம் நூற்றாண்டு. இரண்டுமே அழகு. அகழி, ஓவியம், நீண்ட நீண்ட கூடங்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அரண்மனை மனதில் நிற்பதில்லை. துவைகல் நிற்கிறது.

மூன்றாம் நாள் காலையில் என் பின்சக்கரம் பஞ்சர். வேலி வெட்டியவர்கள் பாதையில் முள்ளை விட்டுப் போயிருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த எக்ளூஸ்வரை நடந்தோம். ஒவ்வொரு எக்ளூஸ் பக்கத்திலும் ஒரு சின்ன வீடு உண்டு. எல்லாம் ஒரே அச்சு. சுவரில் எண் போட்ட பலகை, அடுத்த எக்ளூஸ் எத்தனை மீட்டர் என்றும் அதில் இருக்கும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சன்னல் பலகைகளைச் சாத்தி, கொல்லையில் சீமைப்பூண்டு ஆள் உயரம் வளர்ந்து. இந்த வீட்டில் ஆள் இருந்தார்கள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும், ஓர் அம்மா பீன்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் சக்கரத்தைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டு, ட்யூபில் ஓட்டை தேடுவதற்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அவர் பிறந்ததே இதே மாதிரி ஓர் எக்ளூஸ் வீட்டில்தானாம். அம்மாதான் எக்ளூஸ்காரி, அப்பா ரயில்வேயில். "ராத்திரி படகுக்காரன் கூப்பிட்டா அம்மாதான் எழுந்து போவாங்க. பனிக்காலத்துல கைப்பிடி இரும்பு கையோட ஒட்டிக்கும்" என்றார். சின்ன வயதில் அவர் வேலை, படகு இழுக்கிற குதிரை வருகிறதா என்று பார்த்துச் சொல்வது. அப்புறம் மோட்டார் படகு வந்தது. அப்புறம் லாரி வந்தது, சரக்குப் படகு நின்றது. இப்போது கோடையில் வருகிறவர்கள் எல்லாம் விடுமுறைக்காரர்கள். "நீங்க எங்கேருந்து?" என்றார். காரைக்கால் என்றேன். தெரியவில்லை. பாண்டிச்சேரி என்றதும் முகம் மலர்ந்தது. பள்ளியில் ஐந்து ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வைப்பார்களாம். பாண்டிச்சேரி, காரைக்கால், ஏனாம், மாகே, சந்தர்நாகூர். எழுபது வருஷம் கழித்தும் வரிசை பிசகாமல் சொன்னார். அவர் வாயில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தபோது அண்ணன் கையில் வைத்திருந்த பம்பைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். அதனால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம். அவரைப் பற்றிச் சொன்னோம். அந்த அம்மா எழுந்து போய் நான்கு செர்ரிப் பழக் கொத்துகளைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஊர்களில் நிற்கும் போர் நினைவுத் தூண்களைக் கடந்து போக முடியவில்லை. எவ்வளவு சின்ன ஊரானாலும் ஒரு தூண் இருக்கிறது. 1914–1918. தேவாலயமும் பத்து இருபது வீடுமாக இருந்த ஒரு கிராமத்தில் எண்ணினேன், 23 பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை. புதுச்சேரி கடற்கரையில் இருக்கிற அதே போருக்கான தூணுக்கு முன்னால் சின்ன வயதில் சுண்டல் சாப்பிட்டிருக்கிறோம், யாருக்காக என்று கேட்டதில்லை. இந்த ஊர்கள் இன்று இவ்வளவு அமைதியாக இருப்பதற்கு அந்தப் பெயர்களும் ஒரு காரணம். உழ வேண்டியவர்கள் திரும்பி வரவில்லை. மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள்.

ஒரு விஷயம், போக நினைப்பவர்களுக்கு: குடிதண்ணீர் தீர்ந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் புஃபோன் என்ற ஊரில் இருக்கிற பழைய இரும்பு உலையைப் பார்த்தோம். இயற்கை வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய அந்த புஃபோன் பிரபு, பக்கத்து ஊர் மோன்பாரில் பிறந்தவர். 1768இல் இந்த உலையைக் கட்டினார். ஆர்மான்சோன் ஆற்றிலிருந்து தண்ணீரைத் திருப்பி, சக்கரம் சுழற்றி, துருத்தி ஊதி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அவர் பூமிக்கு எத்தனை வயது என்று கண்டுபிடிக்க இரும்பு உருண்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, அவை ஆற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்தார். பூமியும் முதலில் ஒரு நெருப்பு உருண்டைதான், அது ஆறிய காலத்தைக் கணக்குப் போட்டால் வயது தெரியும் என்பது அவர் எண்ணம். கிடைத்த விடை ஏறக்குறைய 75,000 வருஷம். இன்றைய கணக்கு 450 கோடியைத் தாண்டுகிறது. ஆனால் உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்தான் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், ஒருவர் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து உருண்டை எப்போது ஆறும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது.

நான்காம் நாள் ஃபோன்தெனே மடம். மோன்பாரிலிருந்து ஆறு கிலோமீட்டர், காட்டுக்குள். 1118இல் புனித பெர்னார் நிறுவியது. இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். தேவாலயத்துக்குள் ஓவியம் கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது, தரை வெறும் மண். கல்லும் வெளிச்சமும் மட்டும். காலை பத்தரை மணிக்கு வெயில் ஒரு தூணின் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் எங்கும் அவ்வளவு நேரம் ஒரு தூணைப் பார்த்ததில்லை.

துறவிகள் இந்த ஈரப் பள்ளத்தாக்கைத் தேடி வந்ததற்குக் காரணம் தனிமை மட்டும் இல்லை, தண்ணீரும்தான். ஊற்றுகளையும் ஓடையையும் வழிப்படுத்தி, மீன் வளர்த்து, ஒரு பெரிய இரும்புப் பட்டறையே நடத்தியிருக்கிறார்கள். தண்ணீர்ச் சக்கரம் சுற்றி, அதன் தண்டு சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். அதைப் பழையபடி செய்து வைத்திருக்கிறார்கள். சம்மட்டி விழும்போது தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிகிறது. கடுங்குளிரில் மடம் முழுக்க நெருப்பு இருந்தது சமையற்கட்டைத் தவிர ஒரே ஓர் அறையில். ஏடு எழுதுகிறவர்களின் மை உறைந்துபோகாமல் இருப்பதற்காக. புரட்சிக்குப் பிறகு இடம் கைமாறி, காகித ஆலை ஆனது. அதற்கும் அதே ஓடைதான் உதவியது. 1906இல் வாங்கிய ஒரு குடும்பம் ஆலையை அப்புறப்படுத்தி மடத்தை மீட்டெடுத்தது.

ஐந்தாம் நாள் கால்வாயை விட்டு மேடேறினோம். கிமு 52இல் ரோமத் தளபதி சீசர், அன்று இந்த நாட்டில் வாழ்ந்த கோல் மக்களின் தலைவன் வெர்சின்ஜெதோரிக்ஸை முற்றுகையிட்ட அலேசியா இங்கேதான், அலீஸ்-சாந்த்-ரேன் குன்றின் மேல். மூன்றாம் நெப்போலியன் அகழ்வாய்வு செய்ய வைத்து, 1865இல் அவனுக்கு ஒரு செப்புச் சிலையும் எழுப்பினார். சிலை பெரியது. எனக்கு அதைவிட, அதன் காலடியிலிருந்து தெரியும் சமவெளிதான் முக்கியமாகப் பட்டது. உள்ளே பட்டினி கிடந்தவர்கள் இதே இடத்தில் நின்று, சுற்றிலும் ரோமர்கள் பள்ளம் வெட்டுவதைத்தானே பார்த்திருப்பார்கள்.

அப்புறம் ஃப்ளவிஞி. ஏற்றம் கடுமை, அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஊர் வாசலில் நுழையும்போதே காற்றில் சோம்பு வாசம். இங்கே ஒரு பழைய மடத்துக்குள் சோம்பு மிட்டாய் செய்கிறார்கள். நம் கல்யாண வீட்டுத் தட்டில் வைக்கிற கலர் சோம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஒரு சோம்பை நடுவில் வைத்து, சர்க்கரைப் பாகை மேலே மேலே பூசி உருட்டி, பட்டாணி அளவுக்கு வர 15 நாள் ஆகிறது. கடிக்கக் கூடாது. வாயில் அடக்கிக்கொண்டால் கடைசியில் சோம்பு வரும். அண்ணன் அந்தச் சோம்பை நாக்கு நுனியில் எடுத்து என்னிடம் காட்டினார். அறுபதை நெருங்குகிறவர், அந்த நிமிஷத்தில் எட்டு வயசுப் பையன் முகம்.

ஆறாம் நாள் திங்கட்கிழமை. வழியில் இருந்த ஊரில் ரொட்டிக்கடை விடுமுறை. முந்தின நாள் பகெத்தும் பாதிப் பாலாடைக்கட்டியுமாகக் கிளம்பினோம். வெனரேயிலிருந்து புய்யி வரைக்கும் நாற்பது கிலோமீட்டர், அதற்குள் ஐம்பதுக்கும் மேல் எக்ளூஸ். சில இடத்தில் முந்நூறு மீட்டருக்கு ஒன்று. சைக்கிளுக்கு அது பெரிய ஏற்றமாகத் தெரியாது. எக்ளூஸ் பக்கத்தில் மட்டும் பத்து மிதி அழுத்தி மிதிக்க வேண்டும், மறுபடி சமம். மாடிப்படி ஏறுவது போல.

ஓரிடத்தில் ஒரு படகு மேலே ஏறக் காத்திருந்தது. எக்ளூஸை இயக்க வந்திருந்தது ஒரு கல்லூரிப் பெண், கோடைக்கால வேலை. படகு ஏற ஏற மொபெட்டில் அடுத்த எக்ளூஸுக்கு ஓடுவாளாம். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவுகளைச் சாத்தினாள். கல் சுவர் இரண்டு பக்கமும் பாசியும் ஈரமுமாக, நடுவில் கிணற்றுக்குள் இருப்பது மாதிரி படகு. அப்புறம் மேல்கதவில் உள்ள சின்ன அடைப்பைத் திறக்கிற கைப்பிடியை என்னிடம் கொடுத்து, "சுத்துறீங்களா?" என்றாள். பல் பல்லாக ஏறியது. நாலு சுற்றில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது சுற்றில் அடியில் ஒரு உறுமல். தண்ணீர் படகுக்கு முன்னால் கொப்பளித்து எழுந்தது, சேறும் பாசியும் கலந்த அந்த வாசனை, அப்படியே எங்கள் மடையில் முதல் தண்ணீர் வரும் வாசனை. படகு சத்தமில்லாமல் உயர்ந்தது. முதலில் படகுக்காரர் தொப்பி, பிறகு முகம், பிறகு மேசையில் இருந்த காபிக் கோப்பை. பத்து நிமிஷத்தில் அவர் எங்களுக்குச் சமமாக நின்று வணக்கம் சொன்னார்.

39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். அண்ணன் மனக்கணக்கு போட்டார். ஏறக்குறைய ஐந்து லட்சம் லிட்டர். ஒரு படகு ஒரு படி ஏறுவதற்கு அவ்வளவு தண்ணீர் கீழே போகிறது. இப்படி ஒவ்வொரு படியிலும். உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற படிகளுக்கு அதை உச்சியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

புய்யியில் அதற்கு விடை இருந்தது. ஏரி. உச்சிக்குச் சுற்றுவட்டாரத்தில், அதைவிட உயர்ந்த பள்ளத்தாக்குகளில் ஐந்து ஏரிகளைக் கட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி உச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கரை, மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால். எல்லாம் எங்களுக்குத் தெரிந்த சாமான்கள். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. இருநூறு வருஷம் முன்னால் செய்தது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊற்றாக இருக்குமோ, எங்காவது பெரிய ஆறாக இருக்குமோ என்று நான் நினைத்ததெல்லாம் போய், மழையைப் பிடித்து வைத்த ஏரிதான் என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு ஜூன் 12. அண்ணன் கைபேசியை எடுத்துச் சித்தப்பா மகனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, தண்ணி திறந்தாச்சா?"

"காலையில மேட்டூர்ல திறந்துட்டாங்கண்ணே. நம்மூருக்கு வர நாளாகும்."

"ஆகட்டும், ஆகட்டும். வாய்க்கால் தூர் வாரியாச்சா?"

அந்தப் பேச்சு ஏழு நிமிஷம் ஓடியது, கால்வாயின் தலைமடையில் நின்றுகொண்டு.

புய்யியில் கால்வாய் ஊருக்கு அடியில் சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. 3,333 மீட்டர். உள்ளே நடக்கப் பாதை கிடையாது. அதனால் படகை இழுக்க ஒரு தனி இழுவைப் படகு வைத்திருந்தார்கள். அடியில் கிடக்கும் சங்கிலியைப் பிடித்து அது தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போகும். முதலில் நீராவி, பிறகு மின்சாரம். அதை இப்போது கரையேற்றி ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். கொட்டகை ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் வடிவமைத்தது, அட்டைக் குழாய்களால் ஆனது. இரும்பு யானை மாதிரியான படகுக்கு மேலே அட்டைக் கூரை. நன்றாகத்தான் இருக்கிறது.

மறுநாள் சுரங்கத்துக்கு மேலே, மரங்கள் வரிசையாக நிற்கும் பாதையில் போனோம். வழியில் பழைய காற்றுத் துளைகள் கிணறு மாதிரி நிற்கின்றன. அந்தத் துளைகள் வழியேதான் மண்ணைத் தூக்கிக் கொட்டியிருக்கிறார்கள். நம் காலுக்குக் கீழே கால்வாய் ஓடுகிறது என்று தெரிந்து மிதிப்பது ஒரு தனி உணர்வு. மறுமுனையில் கால்வாய் வெளிச்சத்துக்கு வந்ததும், அதற்கப்புறம் எக்ளூஸ்கள் எல்லாம் மற்ற பக்கம் இறங்கத் தொடங்கின. இனி இந்தத் தண்ணீர் மத்தியதரைக் கடலுக்கு. மேலே குன்றில் ஷாத்தோநெஃப் கோட்டை வெகுதூரம் கூடவே வந்தது. பிறகு ஊஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அண்ணன் முன்னால், நான் பின்னால், இரண்டு பேரும் பேசவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு டிஜோன்.

திரும்பி வரும் ரயில் ஏழு நாள் மிதித்ததை மூன்று மணி நேரத்தில் தாண்டிவிட்டது. மோன்பார் கடந்ததும் அண்ணன் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். மரங்களுக்கு நடுவில் கால்வாய் தெரிந்தது. ஓர் எக்ளூஸ் வீடு, சன்னல் திறந்திருந்தது, பாத்தியில் பீன்ஸ் கொடி. அந்த அம்மாவின் வீடா என்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

ஜூலை தொடக்கத்தில் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். காய்ந்து வெடித்த எங்கள் வாய்க்காலில் சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் ஊர்ந்து வருகிறது. வெடிப்புக்குள் இறங்கி, நிரம்பி, அடுத்த வெடிப்புக்குப் போகிறது. பின்னால் யாரோ சின்னப் பிள்ளை ஓடுகிற காலடிச் சத்தம். அண்ணன் அதை எனக்கு மறுபடி அனுப்பியிருந்தார். எனக்கும் வந்துவிட்டது என்று தெரிந்தும்.